காகிதத்தில் ஒரு ரயில்வே கேட் அறை

போன மாதம் முழுக்க ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். நீளம் 42 மில்லிமீட்டர், அகலம் 35 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் பாதி இடம் மிச்சம் இருக்கும். ஏ4 தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டிய வீடு. ஒரு காலத்தில் திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதையில் எங்க ஊர்ப் பக்கம் இருந்த லெவல் கிராசிங் கேட் கீப்பர் அறையின் மாதிரி அது. அந்தப் பாதை மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜாக மாறியபோது கேட்டும் போனது, அறையும் போனது. இப்போது அங்கே சுரங்கப்பாதை இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும்; அது வேறு கதை.

மாதிரி ரயில் வைத்திருப்பவர்களுக்கு அச்சடித்து ஒட்டும் காகிதக் கட்டடங்கள் புதிதல்ல. தெரியாதவர்களுக்காக இந்தக் குறிப்பு. எப்படிச் செய்வது என்பதோடு, செய்யும்போது நான் எங்கே தப்பு செய்தேன், அந்தத் தப்பிலிருந்து என்ன தெரிந்துகொண்டேன் என்பதையும் எழுதுகிறேன். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

காகிதக் கட்டடம் என்பது

அட்டையில் அச்சடித்த கட்டடத்தை வெட்டி ஒட்டும் பழக்கம் ஐரோப்பாவில் பழையது. ஜெர்மனியில் எஸ்லிங்கன் நகரத்து ஷ்ரைபர் பதிப்பகம் கோட்டை, தேவாலயம், கிராம வீடு என்று தாள் தாளாக அச்சடித்து விற்றது. இரண்டாம் உலகப்போர் சமயம், 1941இல், பிரிட்டனில் மைக்ரோமாடல்ஸ் என்று அஞ்சலட்டை அளவுத் தாள்களில் குட்டி மாதிரிகள் வந்தன. உலோகம் கிடைக்காத காலத்தில் காகிதமும் கத்தரிக்கோலும் பசையும் போதும் என்பது பெரிய விஷயம். இன்றைக்கு பிரிட்டனில் மெட்கால்ஃப், சூப்பர்குவிக் போன்றவர்கள் அட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். ஸ்கேல்சீன்ஸ் மாதிரி இடங்களில் பிடிஎஃப் வாங்கி நாமே அச்சடித்துக்கொள்ளலாம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இலவசமாகக் கிடைத்த ஒரு ஸ்டேஷனை இறக்கி ஒட்டினேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் செங்கல் சுவர், ஸ்லேட் கூரை, அதன் மேல் இரண்டு புகைபோக்கி! தென்காசி வெயிலுக்குப் புகைபோக்கி எதற்கு? அதன் முன்னால் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினால், இங்கிலாந்துக்கு வழிதவறிப் போன செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி இருந்தது.

நம் பக்கத்துக் கட்டடம் வேண்டுமென்றால் நாமேதான் வரைய வேண்டும். வரைய வேண்டுமென்றால் அளவு வேண்டும். கட்டடமே இல்லை என்றால் அளவுக்கு எங்கே போவது?

ஏன் இந்தப் பாதை

கொஞ்சம் பின்கதை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை 1903இல் தென்காசி வழியாகச் செங்கோட்டையைத் தொட்டது. 1904இல் மலையைக் குடைந்து புனலூர் வரை போனது. பகவதிபுரம் தாண்டிச் சுரங்கம், ஆரியங்காவு, கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம், தென்மலை என்று போகும் வழி. அந்தப் பாதை போட்டபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் எல்லையில் சங்கு முத்திரையோடு நிற்கும் வளைவு அதற்குச் சாட்சி. விருதுநகரிலிருந்து தென்காசி வரும் பாதை 1927இல் வந்தது.

இந்த மூன்று பாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக பிராட் கேஜ் ஆயின. விருதுநகர்ப் பக்கம் 2004, திருநெல்வேலிப் பக்கம் 2012. மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டி 2010 செப்டம்பரோடு நின்று, 2018இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. வசதி கூடியதில் சந்தேகமில்லை. நானே சென்னைக்கு அதில்தான் போகிறேன்.

ஆனால் கேஜ் மாறும்போது மாறுவது தண்டவாளம் மட்டும் அல்ல. பிளாட்பாரம் உயரும். பிராட் கேஜில் உயர்மட்ட பிளாட்பாரம் என்றால் தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மி.மீ. வரை. தரையோடு தரையாக இருந்த மீட்டர் கேஜ் பிளாட்பாரத்தை அந்த உயரத்துக்குத் தூக்கினால், பழைய கட்டடம் தப்பித்தாலும் இடுப்பு வரை புதைந்த மாதிரி ஆகிவிடும். பெரிய ஸ்டேஷன், பெரிய பாலத்தையாவது யாராவது படம் எடுத்திருப்பார்கள். கேட் அறை, கேங் ஆட்கள் தங்கும் அறை, விளக்கு அறை இதையெல்லாம் யார் படம் எடுத்தார்கள்?

யாரும் எடுக்கவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு படம், ஒரு சைக்கிள்

அம்மாவின் ஆல்பத்தில் 1994இல் எடுத்த ஒரு படம் இருந்தது. மாமா புது சைக்கிளோடு நிற்கிறார். பின்னால், கொஞ்சம் மங்கலாக, அந்த கேட் அறை. நேர் எதிரே நின்று எடுத்த படம். வெள்ளையடித்த சுவர், நடுவில் கதவு, பக்கத்தில் ஒரு ஜன்னல், மேலே மங்களூர் ஓடு. சைக்கிளைப் படம் எடுத்ததில் அறையும் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரே சந்தோஷம். அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால் மற்றதையெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம், இல்லையா? நம் ஊர் பெரிய சைக்கிளுக்கு 28 இன்ச் சக்கரம். டயரோடு சேர்த்து விட்டம் சுமார் 71 செ.மீ. படத்தில் அறையின் சுவர் மூன்று சக்கரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஆக, 2.1 மீட்டர். சின்ன அறைதானே, சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே வரைந்து, அச்சடித்து, ஒட்டி முடித்தேன். பக்கத்தில் 19 மி.மீ. உயரமுள்ள ஒரு ஆள் பொம்மையை வைத்தேன். இந்த அளவுக் கணக்கில் ஐந்தரை அடிக்கு ஒட்டிய ஆள். கதவின் உயரம் 13 மி.மீ.தான் இருந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னல இது, கோழிக்கூடா?"

"கேட் கீப்பர் ரூம்மா."

"அவரு எப்படில உள்ள போவாரு? கோழிதாம்ல போவும்!"

தப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. சைக்கிள் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அறை அதற்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும். சைக்கிள் 4 மீட்டர் தூரத்திலும் சுவர் 7 மீட்டர் தூரத்திலும் இருந்தால், சைக்கிளை வைத்து அளக்கும் சுவர் உண்மை அளவில் ஏழில் நாலு பங்குதான் வரும். ஏறத்தாழ அதேதான் நடந்திருக்கிறது. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன், பள்ளிக்கூட வடிவொத்த முக்கோணத்தில் கோட்டை விட்டேன்.

இதிலிருந்து முதல் விதி: அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கட்டடத்தை அளக்க, கட்டடத்திலேயே இருக்கும் ஒன்றைத் தேடுங்கள்.

ஓட்டை எண்ணுவது

கட்டடத்திலேயே இருந்தது ஓடு.

மங்களூர் ஓடு அச்சில் அடித்து வருவது. பேசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்த பிறகு அது மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவியது. நாட்டு ஓடு மாதிரி ஆளுக்கு ஒரு அளவு கிடையாது. ஒன்றோடு ஒன்று கவ்விப் பிடிக்க வேண்டியிருப்பதால் அளவு பெரிதாக மாறவும் முடியாது. ஒரு சதுர மீட்டர் கூரைக்குச் சுமார் 15 ஓடு வேண்டும் என்பது கொத்தனார்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டு போய் அளந்தேன். மேல் மூடல், பக்க மூடல் போக வெளியே தெரியும் பாகம் 21 செ.மீ. அகலம், 32 செ.மீ. நீளம். பெருக்கினால் சதுர மீட்டருக்கு 15 ஓடு. கணக்கு உதைக்கவில்லை.

இனி படத்தில் எண்ண வேண்டியதுதான். இறவாணத்தில் இடமிருந்து வலம் 20 ஓடு. கூரையின் நீளம் 20 பெருக்கல் 21, அதாவது 4.2 மீட்டர். இரண்டு பக்கமும் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது ஒன்றரை ஒன்றரை ஓடு. ஆக, சுவருக்கு நேராக 17 ஓடு, 3.57 மீட்டர். இறவாணம் சுவரைவிட நம் பக்கம் நீண்டிருப்பதால், சுவரின் உண்மை நீளம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு துப்பு உதவுகிறது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் எல்லாம் அடிக்கணக்கில் வரைந்தவை. 3.57க்குச் சற்றுக் கூடுதல் என்றால் பக்கத்தில் இருக்கும் முழு அடி 12. அது 3.66 மீட்டர். சுவர் 12 அடி என்று எடுத்துக்கொண்டால், அதே விகிதத்தில் இறவாணம் வரை உயரம் 8 அடி, கதவு ஆறரை அடி என்று வந்தது. எல்லாம் முழு அடி, அரை அடியில் வந்து விழும்போது சரியான தடத்தில்தான் போகிறோம் என்று ஒரு தெம்பு வருகிறது.

நேர் எதிரே எடுத்த படத்தில் அறையின் ஆழம் தெரியாது. அதற்கும் ஓடுதான் வழி சொன்னது. இறவாணத்திலிருந்து முகடு வரை 7 வரிசை. சரிவின் நீளம் 7 பெருக்கல் 32, அதாவது 2.24 மீட்டர். படத்தில் இறவாணத்துக்கும் முகட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் 1.12 மீட்டர். சரிவில் சரிபாதி உயரம் என்றால் கோணம் 30 டிகிரி. ஓட்டுக் கூரைக்கு இது வழக்கமான சரிவு. 30 டிகிரியில் 2.24 மீட்டர் சரிவு, படுக்கையில் 1.94 மீட்டர் போகும். அதில் இறவாணம் நீட்டல் 40 செ.மீ.யைக் கழித்தால் 1.54. முகட்டுக்கு இரண்டு பக்கமும் இதுவே என்பதால் 3.08 மீட்டர். 10 அடி என்பது 3.05 மீட்டர்!

ஆக, 12 அடிக்கு 10 அடி அறை. ஒரு சைக்கிள் படத்திலிருந்து.

மூன்றரை மில்லிமீட்டர்

இனி இதைச் சிறிதாக்க வேண்டும். மாதிரி ரயில் உலகத்தில் அதிகம் புழங்குவது எச்.ஓ. அளவு, 1:87. ஓ என்ற பழைய அளவில் ஒரு அடிக்கு 7 மி.மீ.; அதில் பாதி இது, ஒரு அடிக்கு 3.5 மி.மீ. நம் கட்டடம் அடிக்கணக்கில் இருப்பதால் வேலை சுலபம். அடியை மூன்றரையால் பெருக்கினால் போதும்.

12 அடி என்றால் 42 மி.மீ.; 10 அடி என்றால் 35; சுவர் உயரம் 8 அடிக்கு 28; கதவு ஆறரை அடிக்கு 22.75. இப்போது 19 மி.மீ. ஆள் குனியாமல் உள்ளே போகலாம்.

மீட்டர் கேஜ் பிரியர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்து மலை ரயில்களும் மீட்டர் கேஜ் என்பதால், அவற்றுக்காக 12 மி.மீ. தண்டவாளம் தயாராகவே விற்கிறது. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பிராட் கேஜ் பிரியர்கள் பாவம். 1676ஐ 87ஆல் வகுத்தால் 19.3 வரும், கடையில் கிடைப்பது 16.5. நம் அகலப் பாதை மாதிரியில் ஒல்லிப் பாதையாகத்தான் தெரியும்.

விரிப்புப் படம்

கட்டடத்தைப் பிரித்துத் தட்டையாக வைத்தால் எப்படி இருக்கும் என்பதே விரிப்புப் படம். சுவர் நான்கும் ஒரே பட்டையாக: முன் சுவர் 42, பக்கம் 35, பின் சுவர் 42, பக்கம் 35, கடைசியில் ஒட்டுவதற்கு 5 மி.மீ. காது. மொத்தம் 159 மி.மீ.; ஏ4 தாளின் 210 மி.மீ. அகலத்தில் தாராளமாக அடங்கும். பக்கச் சுவர்கள் இரண்டும் கோம்பைச் சுவர்கள். 28 மி.மீ.க்கு மேல் முக்கோணமாக இன்னும் 10 மி.மீ. ஏற வேண்டும்.

கூரையில் எல்லாரும் ஒரு தடவை ஏமாறுவார்கள். மேலிருந்து பார்த்தால் கூரையின் ஒரு பாதி 1.94 மீட்டர்தான், அதாவது 22.3 மி.மீ. அதையே வரைந்து வெட்டினால் ஒட்டும்போது எட்டாது. வெட்ட வேண்டியது சரிவின் நீளம், 25.7 மி.மீ. இரண்டு பாதிக்கும் சேர்த்து 51.4 மி.மீ. அகலம், 48.3 மி.மீ. நீளமுள்ள ஒரே துண்டு. நடுவில் முகட்டுக்கு ஒரு மடிப்பு.

நான் இதை இங்க்ஸ்கேப்பில் கையால் வரையாமல் ஒரு சின்ன பைத்தான் நிரலாக எழுதினேன். நீளம், ஆழம், உயரம், கோணம், நீட்டல் கொடுத்தால் எஸ்விஜி கோப்பு வரும். முதல் தடவை சைக்கிள் கணக்கில் கோழிக்கூடு கட்டியபோது ஐந்து எண்ணை மாற்றினால் போதும் என்று இருந்தது இதனால்தான். கையால் வரைவதும் தப்பில்லை. கிராஃப் தாளில் வரைந்தாலும் இதே வீடுதான் வரும்.

சுவருக்கும் கூரைக்கும் தோல்

வெறும் கோட்டுப் படத்தின் மேல் ஓடு, சுண்ணாம்புச் சுவர், மரக் கதவு இவற்றின் படத்தைப் போர்த்த வேண்டும். அதற்குப் படம் எடுக்கக் குற்றாலம் சீசன் மாதிரி காலம் வேறு கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் மூடியே இருக்கும், நிழலே விழாது. வெயிலில் எடுத்த ஓட்டின் படத்தில் ஒவ்வொரு ஓட்டுக்கும் கீழே கறுப்பு நிழல் இருக்கும். அதை மாதிரியில் ஒட்டி விளக்கை வேறு பக்கம் வைத்தால், நிழல் ஒரு பக்கம் விளக்கு ஒரு பக்கம் என்று அசிங்கமாகிவிடும். சாரல் நாளில் அந்தத் தொல்லை இல்லை. ஓட்டில் பாசியும் அப்போதுதான் நன்றாகப் பிடித்திருக்கும். சாரல் நின்று அரை மணி நேரம் பொறுத்து எடுங்கள். நனைந்த ஓடு பளபளக்கும்.

எடுக்கும்போது பொருளுக்கு நேர் எதிரே, தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். ஓரத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வையுங்கள். சின்னப் பொருளில் உண்மையான நிறம் அடர்த்தியாகத் தெரியும்.

ரயில்வே கட்டடத்தைப் படம் எடுக்கவோ அளக்கவோ தண்டவாளத்துக்குள் இறங்காதீர்கள். அது ஆபத்து, ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட. சாலையில் நின்று தெரிவதை எடுத்தால் போதும். ஓட்டை எண்ணுவதற்குப் பக்கத்தில் போக வேண்டியதே இல்லை.

அச்சும் அட்டையும்

அச்சடிக்கும் கடையில் முதலில் சொல்ல வேண்டியது: "பக்கத்துக்குப் பொருத்த வேண்டாம், உள்ள அளவிலேயே எடுங்க." இல்லாவிட்டால் மென்பொருள் ஓரம் விட்டுச் சுருக்கிவிடும். தாளின் மூலையில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்றை வரைந்து வையுங்கள். எனக்கு முதல் தாளில் அது 96 வந்தது. சுவர் ஒரு கடையிலும் கூரை ஒரு கடையிலும் எடுத்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

லேசர் அச்சு தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் மடிப்பில் மை உரிந்து வெள்ளைக் கோடு விழும். இங்க்ஜெட்டில் மடிப்பு நன்றாக வரும், ஈர விரல் பட்டால் கரையும். நான் லேசரில் எடுத்து, மடிப்பு ஓரங்களுக்குக் கலர் பென்சில் தீட்டினேன்.

அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். தினசரிக் காலண்டரின் அட்டை சுவருக்கு முதல்தரம். ஜனவரி பிறந்தால் வீட்டுக்கு ஒன்று சும்மா கிடைக்கும். கதவு, ஜன்னல் சட்டம் போன்ற மெல்லிய வேலைக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. எங்கள் வீட்டு ஜன்னலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய முகூர்த்த நேரம் தெரியும்.

காகிதத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும் பக்கத்து மடிப்புக் கோடுதான் நாரின் திசை. முக்கியமான மடிப்பு அந்தத் திசையிலேயே வர வேண்டும். குறுக்கே மடித்தால் பிசிறு அடிக்கும். மடிக்குமுன் மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலை ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து ஒரு தடவை அழுத்தி இழுங்கள்.

ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தடவி ஒட்டினால் அட்டை ஊறி வளையும், சாரல் காற்றில் கேட்கவே வேண்டாம். பசையை மெல்லிசாகத் தடவுங்கள். அட்டையின் பின்பக்கமும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் நேராக நிற்கும்.

கதவு, ஜன்னலைச் சுவரிலேயே அச்சடித்து விட்டுவிடாதீர்கள். வெட்டித் துளையிட்டு, பின்னால் வேறு தாளில் கதவை ஒட்டுங்கள். சுவருக்குத் தடிமன் இருக்கிறது என்று கண் நம்பிவிடும். காகிதக் கட்டடத்தில் கிடைக்கும் நிஜத்தன்மையில் பெரும்பகுதி அந்த ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தில்தான் இருக்கிறது.

படத்தில் இல்லாதது

இரண்டாவது வீட்டை அம்மாவிடம் கொண்டுபோனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதவு சரி, ஓடு சரி. பின்பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"சாய்ப்பு எங்கல?"

எனக்குப் புரியவில்லை. படத்தில் முன்பக்கம் மட்டும்தானே இருக்கிறது. அம்மா அந்த கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போனவள். ஒரு நாள் சாரல் பிடித்துக்கொண்டபோது கேட் கீப்பர் உள்ளே வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். முன் அறையில் போனும் கொடியும் விளக்கும். பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு. அதில் ஒரு அடுப்பு, ஒரு கயிற்றுக் கட்டில்.

"எவ்வளவு பெருசும்மா?"

"கட்டில் போட்டா அடுப்புக்கு இடம் இருக்கும். அவ்வளவுதான். ஆளு நிமுந்து நிக்க முடியாது, குனிஞ்சுதான் போணும்."

கட்டில் ஆறடிக்கு மூன்றடி. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அடி. சாய்ப்பு ஆறரை அடிக்கு நான்கு அடி என்று வைத்தேன். 23க்கு 14 மி.மீ. குனிந்து போகிற உயரம் ஐந்தடி, 17.5 மி.மீ. கல்யாணப் பத்திரிகை அட்டையில் சாம்பல் நிறத் தகரம் அச்சடித்து ஒட்டினேன். அம்மா பார்த்துத் தலையாட்டினாள்.

இதில்தான் எனக்கு ஒரு உறுத்தல் வந்தது. முன்சுவரின் 42 மி.மீ.யும் சாய்ப்பின் 23 மி.மீ.யும் மேசையில் ஒரே மாதிரி உறுதியாக நிற்கின்றன. ஒன்று ஓடு எண்ணிக் கணக்கிட்டது, மற்றது முப்பது வருஷத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கிய ஒருத்தியின் ஞாபகம். நாளைக்கு இதைப் பார்த்து இன்னொருவர் வரைந்தால் அவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? மாதிரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கட்டுரையில் "அநேகமாக" என்று எழுதலாம், அட்டையில் "அநேகமாக" என்று ஒரு சுவர் கட்ட முடியாது.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வீட்டின் அடித்தட்டில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், ஒவ்வொரு அளவும் எங்கிருந்து வந்தது என்று அச்சடித்துவிடுகிறேன். மூன்றே வகை: அளந்தது, கணக்கிட்டது, கேட்டது. ஓட்டின் அளவு அளந்தது. சுவர், கூரை, கதவு கணக்கிட்டவை. சாய்ப்பு கேட்டது. கதவின் நிறமும் கேட்டதுதான். அம்மா பச்சை என்கிறாள், மாமா நீலம் என்கிறார். பச்சை அடித்திருக்கிறேன், அடியில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

காகித வீடு கட்டுவது பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தைப் பார்த்து ரசிப்பதற்கு அதன் அளவு தெரிய வேண்டியதில்லை. அதைக் காகிதத்தில் மடிப்பதற்கு ஒவ்வொரு மூலையும் தெரிந்தாக வேண்டும். பின்சுவரில் என்ன இருந்தது என்ற கேள்வி, பின்சுவரை வெட்டும்போதுதான் வருகிறது. பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அந்தக் கேள்வி வர வேண்டும்.

குற்றாலத்துக்கு ரயில் கிடையாது. சீசனுக்கு வருகிறவர்கள் தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்கித்தான் போக வேண்டும். எத்தனை வருஷமாக எத்தனை குடும்பங்கள் அங்கே இறங்கி, ஈரத்துண்டும் பையுமாக நின்று படம் எடுத்திருப்பார்கள்! அந்த ஆல்பங்களை எடுத்தால் இந்த முறை ஆட்களைப் பார்க்காதீர்கள், அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு கூரையின் ஓரம் தெரிந்தால் ஓட்டை எண்ணுங்கள்.

வருகிற நவராத்திரிக்கு இந்த கேட் அறை அம்மாவின் கொலுவில் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும். முன்னால் 12 மி.மீ. தண்டவாளம், ஒரு கேட். பக்கத்தில் வரப்போகும் செட்டியார் பொம்மை அறையைவிட மூன்று மடங்கு உயரம். கொலுவில் ஸ்கேல் பார்க்கக் கூடாது என்று அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.